பின்னணி காத்த பெருவீரன்

வாகை சூடியவனை உலகம் பாடும். வாயில் காத்தவனை மறந்துவிடும். இது போர்க்களத்துக்கு மட்டும் உரிய வழக்கன்று. உதைபந்தாட்டத்திலும் இதே கதைதான். பந்தைக் கம்பத்துக்குள் செலுத்தியவனைத் தோளிலே சுமந்து ஊர்வலம் வருகின்றோம். தொண்ணூறு நிமிடமும் தன் எல்லையிற் பகைவர் புகாதபடி தடுத்து நின்ற பின்கள வீரனை அன்றிரவே மறந்துவிடுகின்றோம். காரணம் வெளிப்படை. முன்களத்தான் செய்வது ஒரு நிகழ்ச்சி. அதைக் கண்ணாற் காணலாம், எண்ணிக் கணக்கிடலாம். பின்களத்தான் செய்வதோ நிகழ்ச்சி ஒன்றை நிகழாமற் செய்தல். நிகழாததைக் கண் காணாது. கண் காணாததை நாப் பாடாது.

இந்தப் பாடாத குறையைப் பண்டைத் தமிழர் உணர்ந்திருந்தனர் என்பது புறப்பொருள் இலக்கணம் பயின்றோர் அறிந்ததே.

நொச்சியும் கூழையும்

மதிலை வளைத்துத் தாக்குவோன் சூடும் பூ உழிஞை. உள்ளிருந்து மதிலைக் காப்போன் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியர் மதில் முற்றுதலையும் மதில் காத்தலையும் உழிஞைத் திணை ஒன்றிலேயே அடக்கினார். பின்வந்த ஐயனாரிதனாரோ தமது புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியைத் தனித் திணையாகவே பிரித்து வைத்தார். வெட்சிக்குக் கரந்தை, வஞ்சிக்குக் காஞ்சி, உழிஞைக்கு நொச்சி என்று, தாக்கும் செயல் ஒவ்வொன்றுக்கும் எதிரே தடுக்கும் செயல் ஒன்றை நிறுத்திக் காட்டிய நூல் அது. தாக்குவோனுக்கு ஒரு மாலை உண்டாயின் தடுப்போனுக்கும் ஒரு மாலை உண்டு என்பதே அதன் உட்கிடை.

தொல்காப்பியர் மட்டும் காவல் வீரத்தைக் குறைத்து எண்ணினாரோ எனின், அன்று. படையின் முன்னணிக்குத் தார் என்றும் பின்னணிக்குக் கூழை என்றும் பெயர். அவர் தும்பைத் திணைக்குத் துறைகள் வகுக்கும்போது, பின்னணிப் படையைத் தாங்கி நின்ற வீரனது பெருமையைத் தனியொரு துறையாகவே எண்ணியிருக்கின்றார். கூழை என்னுஞ் சொல் இன்று குட்டையானது, குறைபட்டது என்னும் பொருளிலே வழங்குகின்றது. பின்னால் நிற்பவனை நாம் மதிக்கும் அளவை அச்சொல்லின் தேய்வே காட்டிவிடும் போலும்.

நிற்க. உதைபந்தாட்டத்தில் இந்நொச்சி மறவனது நிலை எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சிறிது காண்போம்.

இருவர் நால்வரான கதை

1863இல் இலண்டனிலே சங்கம் கூடி ஆட்ட விதிகளை வகுத்த காலத்தில், ஆடுவோர் ஏறக்குறைய அனைவரும் முன்னே ஓடுவோராகவே இருந்தனர். பின்னர் நெடுங்காலம் பின்னால் இருவர், இடையில் மூவர், முன்னால் ஐவர் என்னும் அணிவகுப்பு நிலவியது. 1925இல் விதி ஒன்று மாறியது. பந்தைப் பெறும் முன்களத்தானுக்கும் எதிரணியின் எல்லைக் கோட்டுக்கும் இடையே எதிரணியார் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பதை இருவர் என்று குறைத்தனர். உடனே வெள்ளம் கரையுடைத்ததுபோல் எங்கும் கோல்கள் பெருகின. இலண்டன் ஆர்சனல் கழகத்தின் நெறியாளர் எர்பர்ட் சாப்மன் போன்றோர், நடுவே நின்றவனைப் பின்னே இழுத்து இரு காவலருக்கும் இடையில் நிறுத்தினர். நடுப் பின்கள வீரன் என்னும் மூன்றாங் காவலன் இவ்வாறு பிறந்தான். 1958இல் சுவீடனில் உலகக் கிண்ணம் வென்ற பிரேசில் அணி நால்வரைப் பின்னிறுத்தி ஆடியது. அதன்பின் நால்வர் காவல் உலக வழக்காயிற்று.

பின்களத்தான் தொழில் பந்தைக் கண்டவாறு உதைத்துத் தள்ளுதல் என்று கருதுவோர் உளர். அது பேதைமை. எதிரி வலக்காலன் எனின் அவனை இடப்புறமே செல்லும்படி நெருக்கல், உயர வரும் பந்தை எதிரி தலைக்கு முன் தன் தலையாற் சந்தித்தல், உடன்காவலர் மூவரோடும் ஒரே வரிசையாக முன்னேறி எதிரியை விதிக்குப் புறம்பான இடத்தில் நிற்கச் செய்தல், யாவற்றினும் மேலாக எப்போது பாயாதிருத்தல் வேண்டும் என்பதை அறிதல் ஆகிய இவை எல்லாம் அவன் கல்வி. முன்களத்தான் பத்து முறை தவறி ஒருமுறை வென்றாலும் வீரன். பின்களத்தான் பத்து முறை வென்று ஒருமுறை தவறினாலும் பழிகாரன். இத்தகைய கடுந்தொழிலை வாழ்வாக ஏற்ற ஒருவரது வரலாற்றை இனிக் கூறுவேன்.

அகதிச் சிறுவன்

ஜர்னைல் சிங் 1936 பெப்ரவரியிற் பிறந்தவர். இன்று பாக்கித்தானிலே பைசலாபாத் என வழங்கும் இலயால்பூர் அவர் பிறந்த இடம். 1947இல் நாடு இரண்டாகியபோது குருதி ஆற்றைக் கடந்து இந்தியப் பஞ்சாபுக்கு வந்த எண்ணிறந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அப்போது அவருக்கு வயது பதினொன்று. 1990இல் மன்னார்க் கரையிலிருந்து நள்ளிரவிற் படகேறி இராமேசுவரத்தில் இறங்கியோரையும், அதே ஆண்டு வீடு வாசலை விட்டு இத்தீவினின்றும் வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களையும் அறிந்த எமக்கு, பதினொரு வயதிலே ஊரை இழத்தல் யாது என்பதை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஓசியாப்பூர் மாவட்டத்திலே பனாம் என்னும் சிற்றூரிற் குடும்பம் நிலைகொண்டது. அயலிலுள்ள மகில்பூர், உதைபந்தாட்டத்துக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள கால்சாக் கல்லூரியில் அவர் ஆட்டம் பயின்றார். பின்னர்க் கல்கத்தா அழைத்தது. இராசத்தான் கழகத்திற் சிறிது காலம் ஆடியபின், 1959இல் மோகன் பாகான் கழகத்தைச் சார்ந்தார். ஏறத்தாழப் பத்தாண்டு அக்கழகத்தின் நடுக்காவலராக நின்றார். நெடிய உடல், தாடி, தலைமுடிச்சு, அஞ்சாத மோதல் ஆகியவற்றால் கல்கத்தா மக்கள் அவரைத் தொலைவிலிருந்தே இனங்காண்பர்.

1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடினார். அங்கே அங்கேரிக்கு 1-2 என்றும் பெருவுக்கு 1-3 என்றும் இந்தியா தோற்றது. பிரான்சோடு 1-1 எனச் சமன் செய்தது. வலிய அங்கேரியை இரண்டு கோலுக்கு மேற் செல்லவிடாத காவல் எவ்வகையினும் எளிதன்று.

சகார்த்தாவில் நடந்தது

1962இல் இந்தோனேசியாவின் சகார்த்தா நகரில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா. தைவானுக்கும் இசுரேலுக்கும் இடமளிக்க இந்தோனேசிய அரசு மறுத்தது. அதை எதிர்த்து இந்திய அலுவலர் சோந்தி குரல் எழுப்பியதனால் அந்நகர மக்கள் இந்திய அணிமீது பெருஞ்சினம் கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2-0 என வென்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்திலே ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது, தையல் இடவேண்டியதாயிற்று.

அணியின் பயிற்றுநர் சையத் அப்துல் ரகீம். ஆசிரியத் தொழில் செய்வோர் இப்பெயரைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். ஐதராபாத்திலே பள்ளி ஆசிரியராக இருந்து, மாணாக்கரைப் போலவே ஆட்டக்காரரையும் பண்படுத்தியவர் அவர். புற்றுநோய் அவரை அக்காலத்தில் அரித்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டே மறைந்தார். அந்த ரகீம் அரையிறுதியில் ஒரு துணிவு செய்தார். காயமுற்ற காவலனை ஆட்டத்தினின்றும் நீக்காமல், முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். தென்வியத்நாமை இந்தியா 3-2 என வென்றது. மூன்றனுள் ஒன்று ஜர்னைல் சிங்கினுடையது.

1962 செப்ரெம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. சூழ இருந்த இலட்சம் பேரளவான கூட்டம் இந்தியரை இகழ்ந்து கூச்சலிட்டது. பதினேழாம் நிமிடத்திற் பி. கே. பானர்சி ஒரு கோல் அடித்தார். மூன்று நிமிடங் கழித்து, கட்டுப்போட்ட தலையோடு நின்ற ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். கொரியா கடைசி ஐந்து நிமிடமளவில் ஒன்று திருப்பியது. ஆட்டம் 2-1. பொற்பதக்கம் இந்தியாவுக்கு. அதன்பின் இன்றுவரை அந்நாடு ஆசிய விளையாட்டில் உதைபந்தாட்டப் பொன் பெற்றதில்லை.

இங்கே வாசகர் ஒன்றைக் கருதவேண்டும். ஜர்னைல் சிங் என்றவுடன் யாவரும் கூறுவது, தலையிலே கட்டோடு அவர் அடித்த அந்தக் கோலையே. வாழ்நாள் முழுதும் தடுத்த வீரர் அவர். முன்னே நின்ற இரண்டே ஆட்டங்கள் அவரது பத்தாண்டுக் காவலை மறைத்துவிட்டன. அப்பத்தாண்டில் அவர் தடுத்த பந்துகளுக்குக் கணக்கு ஏது? சகார்த்தாவிலேயே, அவர் முன்னே சென்றபோது பின்னே அவர் விட்ட இடத்தைக் காத்தவர் யாவர்? அருண் கோசு, சந்திரசேகர், திரிலோக் சிங் ஆகியோர். அவர்க்குப் பின்னே கம்பத்தில் நின்றவர் பீற்றர் தங்கராஜ் என்னும் நம்மவர். காய்ச்சலாற் கிடந்து எழுந்து இறுதியாட்டத்துக்கு வந்த அவர், கடைசி நேரக் கொரிய நெருக்கடியைத் தாங்கினார். கோல் அடித்தவர் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குந் தெரியும். கோல் காத்தவர் பெயரைத் தேடித்தான் அறியவேண்டும்.

ஜர்னைல் சிங்குக்கு மதிப்பு வாராமலில்லை. 1964இல் அருச்சுனா விருது கிடைத்தது. அவ்வாண்டு ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. பின்னர் இந்திய அணிக்கும், ஆசிய நாடுகளிலிருந்து தெரிந்தெடுத்த அணிக்கும் தலைமை தாங்கினார். ஆட்டம் விட்டபின் பஞ்சாபுக்குத் திரும்பி, அரசின் விளையாட்டுத் துறையிற் பணிபுரிந்து இளைஞரைப் பயிற்றினார். 2000 ஒக்ரோபரில் கனடாவின் வான்கூவர் நகரிற் காலமானார். இலயால்பூரிற் பிறந்து வான்கூவரில் முடிந்த வாழ்வு அது. எல்லை காத்த வீரருக்கு எந்த எல்லையும் நிலைத்த எல்லையாக அமையவில்லை.

கூலியும் காவலும்

தொழின்முறை ஆட்டம் என்று இன்று நாம் கூறுவது அன்றைய கல்கத்தாவில் முறையாக இல்லை. ஆட்டக்காரர் ஓர் அலுவலகத்தில் வேலை பெற்று, கழகத்துக்கு ஆடுவர். ஜர்னைல் சிங்குக்கு முன் அதே மோகன் பாகானிற் பின்களம் காத்தவர் சைலேன் மன்னா. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 எனத் தோற்றது. அன்று தண்ட உதை ஒன்றைத் தவறவிட்டவரும் மன்னாவே. ஆயின் 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், ஈரானை 1-0 என வென்று பொன் பெற்ற அணிக்குத் தலைவரும் அவரே. 1942 தொடக்கம் 1960 வரை ஒரே கழகம். பந்தாடியதற்குக் காசு பெறாதவர் என்று வங்காள மக்கள் அவரைப் போற்றுவர். அவரது சீவனம் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் துறையின் சம்பளம்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. சிங்கப்பூர் அணியின் நடுக்காவலராகவும் தலைவராகவும் விளங்கிய சமது அல்லாப்பிச்சையின் குடும்பப் பெயரே தமிழ் முசுலிம் மரபைச் சொல்லும். நாட்டுக்காக நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். 1977 மே மாதம் கோலாலம்பூரில், பினாங்கு அணியை 3-2 என வென்று, பன்னிரண்டாண்டுக்குப் பின் மலேசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் மீட்டபோது தலைவர் அவரே. அந்த ஆட்டத்திலும் மக்கள் மனத்தில் முதலில் எழுவது, தலையால் வெற்றிக் கோல் அடித்த குவா கிம் சோங்கின் பெயர்தான்.

செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவிலும் நிலை பெரிதும் வேறன்று. 1885இல் இங்கிலாந்து தொழின்முறை ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. இன்று பின்கள வீரனுக்கும் பெரும்பொருள் கொடுக்கின்றனர். 2019இல் ஆரி மகுவயர் என்பவரைப் பெற மான்செசுற்றர் யுனைற்றட் கழகம் எட்டுக் கோடி பவுண் செலுத்தியது. பொருள் வந்தது, புகழ் வந்ததோ? ஆண்டின் சிறந்த வீரருக்கு 1956 முதல் வழங்கும் பொற்பந்துப் பரிசைப் பெற்ற பின்கள வீரர் மூவரே: செருமனியின் பெக்கன்பவர் 1972இலும் 1976இலும், சாமர் 1996இல், இத்தாலியின் கன்னவாரோ 2006இல். மற்றை ஆண்டுகளில் அது தாக்குவோர்க்கும் இடைகளத்தார்க்கும், ஒரே ஒரு முறை கோல் காப்பாளர் யாசினுக்கும் சென்றது.

எம் கரையின் பிள்ளைகள்

இனி, இவ்வரலாற்றால் எமக்கு ஆவது என்ன?

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் தென்கரையில், பட்டினத்திலிருந்து மூன்று நான்கு கட்டைத் தொலைவில் உள்ள மீனவர் ஊர். எமது கரையோரங்களிற் பாடு என்பது கரைவலை போடும் இடம். வலைப்பாடு, வங்காலைப்பாடு என்னும் ஊர்ப்பெயர்களும் அவ்வாறே வந்தன. கரைவலை இழுப்பாரைக் கண்டவர்க்குக் காவலின் இலக்கணம் விளங்கும். இரு கயிற்றையும் இரு குழுவினர் ஒப்ப இழுக்கின்றனர். ஒருபுறம் தளர்ந்தால் மீன் அவ்வழியே போய்விடும். கரையில் நிற்போரோ மடியில் விழுந்த மீனையே எண்ணுவர். தளராத கையை எண்ணார்.

மன்னார் மாவட்டத்துக் கரையூர்களில் உதைபந்தாட்டம் பொழுதுபோக்கு மட்டுமன்று, ஊரின் மானம். புனிதர் பெயர் தாங்கிய கழகங்கள் ஊருக்கூர் உண்டு. கடற்றொழில் முடித்து வந்த இளைஞர் மாலை மணலில் வெறுங்காலோடு ஆடுவர். இலங்கைத் தேசிய அணிக்கும் இம்மாவட்டம் வீரரைத் தந்திருக்கின்றது. ஆயினும் பிள்ளைகளை அழைத்து எவ்விடத்தில் ஆடுவீர் என்று வினவினால், பத்திலே எட்டுப் பேர் முன்களம் என்பர். ஓட்டம் குறைந்தவனையும், ஆட்டம் தெரியாதவன் என்று எண்ணியவனையும் பின்னே தள்ளிவிடுவது பள்ளி அணிகளிற் பழகிப்போன முறை. இது மதிலிலே மண்கட்டியை அடுக்கிவிட்டுக் கோட்டை என்று கூறுதல் போலாகும்.

புகழ்க் குறைவோடு பிழைப்புக் கவலையும் சேர்கின்றது. இந்நாட்டிற் பந்தாடி வாழ்தல் இன்னும் உறுதியான தொழிலாகவில்லை. படைத்துறை, பொலிசு முதலிய கழகங்களிற் சேர்ந்து அவ்வேலையால் வாழ்வோர் உளர். மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடச் சென்றோரும் உளர். 2021இற் பத்துக் கழகங்களோடு உயர்தரத் தொழின்முறைப் போட்டி ஒன்று தொடங்கியபோது நம்பிக்கை பிறந்தது. ஆயின் 2023 சனவரியில், நிருவாகத்திற் புறத்தார் தலையிட்டனர் என்று உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைத் தடைசெய்தது. ஆகத்திலேதான் தடை நீங்கியது. ஏழு மாதம் நாட்டின் அணி எதுவும் பிறநாட்டோடு ஆட இயலவில்லை. ஒரு வீரனது தொழில் வாழ்வு பத்துப் பன்னிரண்டு ஆண்டே. அதில் ஏழு மாதம் எத்துணைப் பெரிது என்பதை, சோளகக் காலத்திற் கடலுக்குப் போக முடியாது வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருப்போரைக் கேட்டால் தெரியும். காவலன் ஊரைக் காக்கின்றான். காவலனைக் காப்பார் யார்?

ஆசிரியப் பெருமக்களுக்கும் கழகம் நடத்துவோர்க்கும் மூன்று செய்திகளைப் பணிவோடு முன்வைக்கின்றேன். முதலாவது, பின்களத்துக்குப் பிள்ளையைத் தெரியும்போது எஞ்சியவனைத் தெரியாது, ஆட்டத்தை முழுதும் பார்க்க வல்ல கண்ணுடையவனைத் தெரிதல் வேண்டும். முன்னிற்போர் அனைவரையும் காண்பவன் பின்னிற்பவனே. இரண்டாவது, பரிசு வழங்கும் நாளில் அதிக கோல் அடித்தவனுக்குக் கிண்ணம் கொடுக்கும் கை, சிறந்த காவலனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தல் வேண்டும். தாக்குவோனுக்கு உழிஞை எனின் காப்போனுக்கு நொச்சி என்பது எமது பழைய நீதி. மூன்றாவது, ஆடவல்ல பிள்ளையைப் படிப்பினின்றும் கைவிடலாகாது. ஆட்டம் முடிந்தபின் ஜர்னைல் சிங்குக்கு ஒரு பணி இருந்தது. மன்னாவுக்கு ஆடும்போதே ஒன்று இருந்தது. அப்பணிகளே அம்முதுகாவலர்க்குக் காவலாயின.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை ஆடிய ஆட்டம் முடிந்து வீடு வந்ததும், நீ எத்தனை கோல் அடித்தாய் என்றே கேட்கின்றோம். எத்தனை கோல் தடுத்தாய் என்றும் கேட்போமாக. அந்த ஒரு வினா அவனைப் பின்களத்தில் நிமிர்ந்து நிற்கச் செய்யும்.